மூக்கில் வைத்த சந்தனம்

லோகேஸ்வரி என் அண்ணன் பொண்டாட்டி. மந்தின்ல கையுறை ஃபேக்டரியில பத்து வருஷமா பெட்டி ஒட்டுறா. பள்ளிக்கூடம் முடிக்கிற எஸ்.பி.எம். பரீட்சையில அறிவியல் ஃபெயில். அதை எங்க எஸ்டேட்ல ஒருத்தரும் மறக்க விடல.

சிரம்பான்ல ஒரு அறிவியல் மன்றத்துல பயிற்சியாளர் வேலைக்கு ஆள் கூப்பிட்டாங்க. சர்டிபிகேட் கட்டாயமில்ல. நுரைப்பலகையில கிளைடர் செஞ்சு இருபது மீட்டர் பறக்க விடணும், அவ்வளவுதான். "பெட்டி ஒட்டுறவளுக்கு பிளேன் எதுக்குலா?"ன்னு எங்கண்ணன் புனிதன் சிரிச்சான்.

"அந்த வேலை எனக்கு வேணும்"னா அண்ணி.

மூணு வாரம் எஸ்டேட் பந்துத் திடல்ல செஞ்சு செஞ்சு வீசுனா. கிளைடர் மூக்கைத் தூக்கும், தொப்புன்னு விழும். உடனே இறக்கையை வெட்டுவா, வாலை மாத்துவா, வீசுற கையையும் மாத்துவா. எனக்கு எரிச்சல் தாங்கல. புது மோட்டார் வாங்குனா பூசை போடாம ஓட்டுவோமா? சந்தனத்தைக் குழைச்சு மூக்குல அப்பி, குங்குமமும் வச்சேன்.

அம்மாடி! கோல் கம்பத்தைத் தாண்டிப் போச்சு. நான் மாரியாத்தாவைக் கும்பிட்டேன். அண்ணி போய் எடுத்து, சந்தனத்தைத் துடைச்சா! வீசுனா, விழுந்துச்சு. மறுபடி வச்சா, பறந்துச்சு. வால்ல வச்சா, மல்லாக்க விழுந்துச்சு.

"திலகா, நான் எல்லாத்தையும் ஒரேடியா மாத்திக்கிட்டிருந்தேன். நீ ஒண்ணை மட்டும்தான் மாத்துன. தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்துல 'மாறி'ன்னு மனப்பாடம் பண்ணேனே, ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்தணும்னு, அது இதுதான்டி. மூக்குல எடை பத்தல."

சந்தனம் காய்ஞ்சா எடை குறையுமாம். அதே எடைக்குக் களிமண் உருட்டி ஒட்டுனா. சாமி சந்தனத்தைத் தூக்கிப் போட்டுட்டு மண்ணான்னு ரெண்டு நாள் நான் அவகிட்ட பேசல. ஆனாலும் நேர்காணலுக்குத் துணைக்குப் போனேன்.

அங்க இருந்த அதிகாரி ரிசல்ட்டைப் பார்த்தாரு. "அறிவியல் ஃபெயிலா? இதை யாரு செஞ்சு குடுத்தா?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, அண்ணி கிளைடரை அவர் கையிலயே குடுத்தா. "களிமண்ணை எடுத்துட்டு வீசுங்க சார்."

விழுந்துச்சு.

"இப்ப ஒட்டி வீசுங்க. வேற எதையும் தொடாதீங்க."

இருபது மீட்டர் கோட்டைத் தாண்டிப் போச்சு. "எப்படிக் கண்டுபிடிச்சே?"ன்னாரு.

"என் நாத்தனா பொட்டு வச்சா."

அவர் சிரிச்சுட்டாரு.

"சிரிங்க சார். அவ வைக்கலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. நான் துடைக்கலன்னாலும் தெரிஞ்சிருக்காது."

மனுஷன் சிரிப்பு நின்னுடுச்சு. வேலையில சேர்ற பாரத்தை நிரப்பச் சொல்லி நீட்டுனாரு. "கல்வித் தகுதி இடத்தைக் காலியா விட்டுடலாம்மா"ன்னாரு.

அண்ணி பேனாவை வாங்கி, அந்த இடத்துலயே கொட்டை எழுத்துல எழுதுனா: 'அறிவியல் – ஃபெயில்.' கீழே கையெழுத்தும் போட்டா.