டி டிரைவில் போடு

எனக்குப் பொறுமை கிடையாது. பத்து நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்தேன் என்று என் வீட்டில் யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்டவன்தான் போன வருடம் ஹார்ட் டிஸ்க் பாடத்துக்குத் தமிழில் கலைச்சொல் பட்டியல் எழுதக் கிளம்பினேன். உத்தமபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பதினைந்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். உள்ளே என்ன சுற்றுகிறது என்று கேட்டால் முழிப்பார்கள். எனக்கு எரிச்சல் தாங்காது.

பிளாட்டர் என்பதற்கு வட்டத்தட்டு என்று எழுதினேன். காந்தப் பூச்சு பூசிய தட்டு, நாம் சேமிப்பதெல்லாம் அதன் மேல்தான் பதிகிறது. ஹெட் என்பதற்குத் தலை என்று போட்டேன், வகுப்பே சிரித்தது. அடித்துவிட்டுப் படிமுனை என்று மாற்றினேன். அந்த முனை தட்டைத் தொடாமல் மயிரிழையைவிடச் சிறிய இடைவெளியில் மிதக்கும். தொட்டால் தட்டு கீறிவிடும். பார்ட்டிஷன் என்பதற்குப் பகுதி என்று எழுதி, ‘ஒரே தட்டில் உள்ள இடத்தைப் பிரித்து சி, டி என்று பெயர் வைப்பது’ என்று விளக்கமும் கொடுத்தேன். என் கையெழுத்தில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

எங்கள் பக்கத்து சர்வீஸ் கடைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் ஸ்லோ என்றாலும், வைரஸ் என்றாலும், ஸ்பீக்கர் பாடவில்லை என்றாலும் வைத்தியம் ஒன்றுதான்: சி டிரைவை மொத்தமாக அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தருவார்கள். டி டிரைவில் கை வைக்க மாட்டார்கள். அதனால் கம்பம் தொடங்கித் தேனி வரைக்கும் ‘முக்கியமானதை டி-யில் போடு’ என்பது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. நானும் எல்லோருக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கும் சொன்னேன்.

அக்கா தேவாரத்தில் பள்ளி ஆசிரியை. வேலை பார்த்துக்கொண்டே திராட்சை இலைகளில் வரும் செவட்டை நோயைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தாள். மூன்று வருட மழைக்காலமும் லீவு நாள் பாராமல் பந்தலுக்கடியில் குனிந்து குனிந்து இலைகளை எண்ணிப் படமெடுத்தாள். அத்தனையும் அவள் லேப்டாப்பில்தான் இருந்தன.

“பென் டிரைவ் ஒண்ணு வாங்கிக்கிறவாடா? இல்ல, இண்டர்நெட்டுல ஏத்தி வச்சிரவா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“பென் டிரைவ் தொலைஞ்சுபோகும். உங்க ஊரு சிக்னலுக்கு ஏத்தி முடிக்க வருசமாகும். டி-யில ஒரு காப்பி போடுக்கா, போதும்” என்றேன். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று வாரம் இருக்கும்போது லேப்டாப் மேசையிலிருந்து விழுந்தது. அதன் பிறகு டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் இருப்புக்கொள்ளவில்லை. மூன்று தரம் இடம் மாறி உட்கார்ந்தேன். மடியில் இருந்த பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

பழுதான டிஸ்க்கிலிருந்து தகவல் மீட்டுத் தருகிற கடை ஒன்று அங்கே இருந்தது. டிஸ்க்கை வாங்கிக்கொண்டு உள்ளே போன கடைக்காரர் இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. நான் வாசலுக்கும் பெஞ்சுக்கும் நடந்தேன். குடித்த டீக்குக் கணக்கில்லை. இடையில் அக்கா போன் செய்தாள்.

“ஏலே, டி டிரைவ மட்டும் எடுத்துட்டு வந்துரு. சி போனாப் போகட்டும், அதுல உள்ளதெல்லாம் டி-யிலயும் இருக்கு.”

சரிக்கா என்று சொல்லிவிட்டேன்.

கடைக்காரர் வந்து தன் போனில் ஒரு படம் காட்டினார். கண்ணாடி மாதிரி மின்ன வேண்டிய தட்டில் சாம்பல் நிறத்தில் வளையம் வளையமாகக் கீறல்.

“முனை விழுந்து தேச்சிருச்சு சார். ரெண்டு பக்கமும் போச்சு. காப்பி எங்க வச்சிருந்தீக?”

“டி-யில” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “டி எங்க சார் இருக்கு?” என்று கேட்டுவிட்டு, டிஸ்க்கை ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார்.

நேராகத் தேவாரம் போனேன். அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு லேப்டாப்பை வாங்கி வந்து, சார்ஜ் ஏற்றி, மேசையில் திறந்து வைத்திருந்தாள். அதில் ‘திராட்சை’ என்று காலி ஃபோல்டர் ஒன்று தயாராக இருந்தது.

“குடுறா” என்று கையை நீட்டினாள்.

“டி-யும் போச்சுக்கா.”

“அதெப்படி ரெண்டும் சேந்து போகும்?”

“ரெண்டும் ஒரே தட்டுதான். பேருதான் வேற வேற.”

நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். “இது உனக்கு இன்னைக்குத்தான் தெரியுமா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். “இல்லக்கா. பாடமே நடத்துறேன்” என்றேன்.

“அப்பறம் எதுக்கு என்னைய அங்கன போடச் சொன்ன?”

தெரிந்தது ஒரு பக்கமும் சொன்னது ஒரு பக்கமுமாக இத்தனை வருடம் எனக்குள் எப்படிக் கிடந்தன என்று யோசித்தால் என் மேலேயே ஆத்திரம்தான் வருகிறது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். லேப்டாப்பை மூடிவிட்டு, “நேரமாச்சு, சாப்பிட்டுட்டுப் போ” என்றாள்.

“கால அவகாசம் தாரேன்னு கைடு சார் சொல்லிட்டாக” என்று அடுத்த வாரம் போன் செய்தாள். இந்த மழைக்காலத்தில் முதலிலிருந்து இலை எண்ணத் தொடங்கியிருக்கிறாள். தனியாக இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றைப் பள்ளிக்கூடத்திலும் வைத்திருக்கிறாளாம். அவள் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போனால் எப்போதும்போலப் பேசுகிறாள், சோறு போடுகிறாள். புது லேப்டாப்பில் ஏதோ கோளாறு, போடியில் ஒரு கடையில் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சென்ற வாரம் பேச்சுவாக்கில் சொன்னாள்.

“எங்கிட்டக் குடுத்திருக்கலாமேக்கா” என்றேன்.

“உனக்கு எதுக்குடா சிரமம்” என்றாள்.