பன்னிரண்டு ரோலரும் "இன்னொரு தடவை" மேடமும்

ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் பதினாறு வருடங்களாகத் தேர்வாளராக இருந்தவர் அவர். வண்டி ஓட்டிக் காட்ட வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில், மடியில் அட்டையை வைத்துக்கொண்டு உட்காருவார். வாயே திறக்கமாட்டார். ஒரு சுற்று முடிந்ததும் படிவத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு, "இன்னொரு தடவை வாங்க" என்பார். 'பெயில்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது. அதனால் ஊரில் அவருக்கு "இன்னொரு தடவை மேடம்" என்று பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

எவருக்கும் அசையாத அந்த மேடத்துக்கு அடங்காதது அவருடைய தலைமுடி ஒன்றுதான். தோள்வரை வெட்டிய முடி. சுருட்டை என்றும் சொல்ல முடியாது, நேர்முடி என்றும் சொல்ல முடியாது. காலையில் படிய வாரிக்கொண்டு போனால் பத்து மணிக்குள் இடப்பக்கம் படுத்துக் கிடக்கும், வலப்பக்கம் எழுந்து நிற்கும். அவருடைய உரிமத்திலிருந்த படத்தில் இரண்டு பக்கமும் எழுந்து நின்றன. தபால் நிலையத்தில் அதை நீட்டினால், உள்ளே இருப்பவர் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு முடியாதப்போ எடுத்ததா?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

அந்த உரிமத்தைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. திங்கட்கிழமை புதுப் படம் எடுக்க வேண்டும். அடுத்த பத்து வருடத்துக்கு அதுதான் முகம். முடியை நேராக்கும் மருந்து அவர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே முடியைச் சுற்றிக் காயவைத்துப் படிய வைக்கும் ரோலர் பன்னிரண்டு அடங்கிய பாக்கெட் ஒன்றை வாங்கி வந்து, சனிக்கிழமை காலை தலைக்குக் குளித்து, சொட்டச் சொட்ட நின்றபடி, கைக்கு வந்த கற்றையை எல்லாம் சுற்றினார். ஏழு ரோலரிலேயே தலை நிறைந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து அவிழ்த்தால், மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். நுனிகள் எல்லாம் தூண்டில் முள் மாதிரி மடங்கி நின்றன. பின்னந்தலையில் ஒரு ரோலர் வரவே மாட்டேன் என்றது.

கணவருக்கு நூலகத்தில் வேலை. அவர் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. ஆனால் முடியைப் பற்றிக் கருத்துச் சொல்லச் சளைக்கமாட்டார்.

"இழுத்தா வராதும்மா, இறுகும். இரு, கத்தரி எடுத்துட்டு வரேன்."

"கத்தரியோட இந்தப் பக்கம் வந்தீங்கன்னா பாத்துக்குங்க!"

தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்த பியூட்டி பார்லருக்கு ஓடினார். உள்ளே நின்ற பெண்ணைப் பார்த்ததும் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. மூன்று முறை "இன்னொரு தடவை" வாங்கிப் போனவள்.

"மேடம், நீங்களா?"

மேடம் துணியை அவிழ்த்தார். அவள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு கண்ணாடியில் தெரிந்தது. வால் சீப்பின் முனையால் இரண்டு இரண்டு முடியாக எடுத்துவிட்டு, ஐந்தே நிமிடத்தில் ரோலரைக் கையில் கொடுத்தாள்.

"ஒழுங்கா சுத்துறது எப்படின்னு சொல்லித் தரட்டுமா மேடம்?"

"உங்களுக்கு அடுத்த டெஸ்ட் எப்போ?"

"வியாழக்கிழமை."

மேடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேலதிகாரிக்குப் போன் போட்டு, ரோலர் விஷயத்தைச் சொல்லி, இந்தப் பெண்ணை இனிமேல் நான் சோதிக்கக் கூடாது, வேறு தேர்வாளரிடம் மாற்றிவிடுங்கள் என்றார்.

"ஒரு ரோலருக்காகவா?" என்று அந்தப் பக்கம் கேட்டது.

"ரோலர்லதான் சார் எல்லாம் ஆரம்பிக்கும்."

ஞாயிறு மதியம் அவள் சொல்லித் தருவதற்காக மேடத்தின் வீட்டுக்கு வந்தாள். சமையலறை வெளிச்சத்தில் நாற்காலியைப் போட்டு, எதிரே கண்ணாடியைச் சாய்த்து வைத்தாள். "நான் தொட மாட்டேன். நீங்களே பண்ணுங்க. நான் பாக்குறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில், கணவர் காய்கறிப் பட்டியல் எழுதும் அட்டை.

மேடம் சுற்றினார். இந்த முறை துண்டால் நன்றாகத் துவட்டியிருந்தார். பன்னிரண்டும் தலையில் ஏறின. டிரையரைக் காட்டினார். சூடு ஆறுவதற்குள் கை தானாக மேலே போயிற்று. முன்னால் இருந்த ஒன்றை அவிழ்த்துப் பார்த்தார். முடி ஒரு கணம் வளைந்து நின்றது, அப்புறம் புஸ்ஸென்று விரிந்தது.

அவள் அட்டையில் ஒரு கோடு இழுத்தாள். "இன்னொரு தடவை."

கணவருக்குத் தேநீர் புரையேறிவிட்டது. இருமிக்கொண்டே கூடத்துக்கு ஓடினார். மேடத்துக்குக் காது மடல் சிவந்தது. ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தைதான். இப்படி எரியும் என்று அவருக்குத் தெரியாது.

"எங்க தப்பு பண்ணேன்னு சொல்லாம, சும்மா இன்னொரு தடவைன்னா என்ன அர்த்தம்?"

"நீங்க சொன்னதே இல்லையே மேடம்" என்றாள் அவள், மெதுவாக.

கூடத்தில் இருமல் சட்டென்று நின்றது.

பிறகு அவளே அட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "முடி முக்கால்வாசி காஞ்ச துணி மாதிரி இருக்கணும், அவ்வளவு ஈரம் போதும். ரோலர் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்குத்தான் எடுக்கணும். சுத்துறதுக்கு முன்னாடி வேர்ல இருந்து மேலே தூக்கிச் சீவுங்க, சீப்பு எங்கயும் மாட்டக் கூடாது. நுனி ரோலர்ல தட்டையாப் படியணும். அது மடங்கினா எல்லாம் போச்சு. அப்புறம் ஒரே இறுக்கமா, தலை வரைக்கும். காஞ்சதும் அவுக்காதீங்க, ஆறட்டும். சூட்டோட அவுத்தா நிக்காது."

இரண்டாம் முறை மேடம் ஒவ்வொரு நுனியையும் விரலால் நீவி நீவிச் சுற்றினார். ஆறும்வரை கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவிழ்த்தபோது முடி வழுவழுவென்று தோளில் வந்து விழுந்தது. கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, முதல் தடவையாகக் கருத்து எதுவும் சொல்லவில்லை.

திங்கள் காலை எழுந்து அவரே தனியாகச் சுற்றிக்கொண்டார். காய்ந்தது; ஆற நேரமில்லை. தலையில் பன்னிரண்டு ரோலரோடு காரை ஓட்டிக்கொண்டு அலுவலகம் போய்ச் சேர்ந்தார். வாசலில் அன்று ஓட்டிக் காட்ட வேண்டியவர்கள் வரிசையில் நின்றார்கள். மேடம் காரிலேயே உட்கார்ந்து, உள்கண்ணாடியைத் திருப்பி, ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வரிசை மூச்சுவிடாமல் பார்த்தது. அன்று அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிய ஒருவருக்கும் கால் நடுங்கவில்லை.

படம் எடுக்கிற இடத்தில் இருந்த குமாஸ்தா, "பிரமாதமா இருக்கு மேடம்" என்றார். எடுத்துத் திரையில் காட்டினார். நெற்றியிலிருந்து தாடை வரை முகம் மட்டும் இருந்தது.

"முடி எங்க?"

"புது விதி மேடம். முகம் மட்டும்தான் வரணும். போன மாசம் சுற்றறிக்கையில நீங்களும் கையெழுத்து போட்டிருக்கீங்களே."

விதி என்றால் மேடம் என்ன பேசுவார்? காதோரம் ஒரு விரல் அகலத்துக்கு முடி தெரிந்தது. அந்த ஒரு விரல், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், வழுவழுவென்று இருந்தது.

வியாழக்கிழமை பார்லர்க்காரப் பெண்ணை வேறொரு தேர்வாளர் சோதித்தார். அவள் தேறிவிட்டாள். காகிதத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது மேடம் படியில் நின்றிருந்தார்.

"இடது பக்கம் திரும்பும்போது சிக்னல் போடல. அவர் கவனிக்கல, நான் ஜன்னல்ல இருந்து பாத்தேன்."

"பாஸ் ஆயிட்டேன் மேடம்!"

"ஆயிட்டீங்க. சந்தோஷம். ஏறுங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

அந்த ஒரு சுற்று நான்கு சுற்றானது. அதற்குப் பிறகு, கோடு இழுக்கும்போதெல்லாம் எங்கே தப்பு என்று மேடம் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். ஆளுக்கு ஐந்து நிமிடம் கூடிற்று. மதியம் முடிய வேண்டிய வரிசை மூன்று மணி வரை நீண்டது. மேலதிகாரி கூப்பிட்டு, "என்னம்மா, திடீர்னு பேச ஆரம்பிச்சிட்டீங்க?" என்று அலுத்துக்கொண்டார். மேடம் காதோர முடியை ஒதுக்கிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடப் போனார்.