தூக்க வேண்டாம் என்றொரு தீர்மானம்

எங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள். சங்கம் நடத்திய பத்து வருடத்தில் எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது அந்த நல்ல குணம்தான். நடக்க முடியாத ஒருவர் எங்கள் கருங்கல் ஊர்ச் சந்தைப் பக்கம் வந்து இறங்கினால் போதும், டீக்கடையிலிருந்து இரண்டு பேர், ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர் ஓடி வருவார்கள். "பிடி மக்கா, பைய பிடி" என்று சொல்லிக்கொண்டே சர்ச் படி, மண்டபத்துப் படி, ஓட்டுச்சாவடிப் படி எல்லாவற்றிலும் தூக்கி ஏற்றிவிடுவார்கள். தூக்கட்டுமா என்று கேட்கவே மாட்டார்கள். இறக்கி வைத்ததும் புண்ணியம் சேர்ந்த முகத்தோடு கையைத் துடைத்துக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்டவர்களிடம் போய், படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் வேண்டும், அதற்குச் சட்டம் இருக்கிறது என்றால், "அது எதுக்கு? நாங்க இல்லியா?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போயிற்று.

இளம்பிள்ளை வாதத்தில் என் வலது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸும் ஒரு ஊன்றுகோலும் உண்டு. ஆனாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, நேரம் எடுத்தாலும் ஏறிவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

2004இல் எனக்கு ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்த டெலிபோன் பூத் இருந்தது. வளைகுடாவுக்குப் பேச வருகிறவர்களின் கூட்டம் சாயங்காலம் கொஞ்சம் குறையும். அந்த நேரத்தில் என்னைப் போன்றவர்கள் நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். யாரோ சென்னையிலிருந்து 95ஆம் வருடத்துச் சட்டத்தை நகலெடுத்து அனுப்பியிருந்தார்கள். கட்டடங்களில் சாய்தளம் வேண்டும் என்று அதில் இருந்தது. அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்றும் இருந்தது. பிறகு நாங்கள் பார்த்த அதிகாரிகளில் ஒருவருக்கும் முதல் பாதி தெரியவில்லை, இரண்டாம் பாதி எல்லோருக்கும் மனப்பாடம். ஆழம் தெரியாமல் காலை விட்டோம். அதுவும் என் காலை.

சங்கத்துக்குப் பதினோரு பேர் சேர்ந்தோம். நான் செயலாளர். எழுதத் தெரிந்தவன், கடையில் நாற்காலி வைத்திருப்பவன் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. அக்கா தலைவி. அக்கா என்றால் சொந்த அக்கா அல்ல, என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். சிறுவயதிலேயே இரண்டு கால்களும் செயலற்றுப்போய், வீட்டுக்குள் கையூன்றி நகர்வார். வெளியே கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி. ரோட்டோரமாக இருந்த அவர்களுடைய பழைய ஓட்டு வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார். கணக்கில் தப்பு விட்ட பிள்ளைகளை அவர் திட்டுவது ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும். அந்த வாய்க்காகத்தான் தலைவியாக்கினோம்.

முதல் கூட்டத்திலேயே, கட்டடத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன கொத்தனார் ஒருவர், "சரிவு கெடக்கட்டும். தூக்குகதுக்குத்தான் இங்க ஆளு பஞ்சமே இல்லியே" என்றார்.

அக்கா உடனே திரும்பினார். "ஒமக்கு செரி. நீரு ஆம்பள. என்னைத் தூக்கும்போ எவனுக்க கை எங்க படுதுன்னு ஒமக்குத் தெரியுமா? தூக்குகவன் நல்லவனாவே இருக்கட்டு. சேல எங்க போவுதுன்னு நான்தான பாக்கணும்? எறக்கி வச்ச பொறவு அவனுக்கு நன்றியும் சொல்லணும்."

கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சூட்டிலேயே நான் முதல் தீர்மானத்தை எழுதினேன்: பொது இடங்களில் எங்களை யாரும் தூக்க விடமாட்டோம், அலுவலர் கீழே இறங்கி வந்து வேலையை முடித்துத் தருவதையும் ஏற்கமாட்டோம். பதினோரு பேரும் கை தூக்கினார்கள். அதில் படியேற முடியாதவர்கள் அக்காவும் கொத்தனாரும் மட்டும்தான். அன்றைக்கு இது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு மனு. மனு, நினைவூட்டல், மறுபடியும் மனு. எங்கள் பக்கத்துப் பத்திரப் பதிவு அலுவலகம் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. செங்குத்தான பதினாறு படிகள். அதைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று கேட்டு, நானே பதினாறு படியும் ஏறிப்போய் மனுக்கொடுப்பேன். அலுவலர் எனக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அன்பாகப் பேசி அனுப்புவார். நித்தம் போனால் முற்றம் சலிக்கும் என்பார்கள். அவருக்குச் சலித்ததோ என்னவோ, எனக்குச் சலித்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து மேலிடத்திலிருந்து பதில் வந்தது. அந்த அலுவலகத்துக்கு வந்து வேலை நடக்காமல் திரும்பிப் போனதாக இதுவரை ஒருவரும் புகார் செய்யவில்லையாம்.

அது உண்மைதான். வந்தவர்களையெல்லாம் தூக்கிவிடுகிறார்கள், முடியாவிட்டால் புத்தகத்தைக் கீழே கொண்டுவருகிறார்கள். பிறகு எப்படிப் புகார் வரும்? திரும்பிப் போன ஒரே ஒரு ஆள் எங்களுக்கு வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் தம்பி சவுதியிலிருந்து நாற்பது நாள் லீவில் வந்தார். அப்பா விட்டுப்போன நிலம் இருவருக்கும் பொதுவில் கிடந்தது. ரோட்டோர வீடும் நாலு சென்டும் அக்காவுக்கு, பின்னாலிருந்த தென்னந்தோப்பு தனக்கு என்று பாகம் வைக்கத் தம்பி தானாகவே சம்மதித்தார். பத்திரம் எழுதி முடித்து, பதிவுக்கு நாளும் குறித்தாயிற்று. இரண்டு பேரும் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தன் பெயரில் ஒரு வீடு. நாளை தம்பிக்குப் பெண்டாட்டி வந்தாலும் யாரும் எழுந்திரு என்று சொல்ல முடியாத ஒரு இடம். அக்காவுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அதுதான்.

முந்தின நாள் வண்டியைக் கையால் சுற்றிக்கொண்டு பூத்துக்கு வந்தார். "மக்கா, நாளைக்கு ஒரு தடவ தூக்கட்டும். எனக்குக் கையெழுத்து ஆனாப் போதும்."

நான் தீர்மானப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இப்போது நினைத்தால் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. "நீங்க சொன்னதத்தான அக்கா எழுதியிருக்கேன். தலைவியே தூக்க விட்டா நாளைக்கு நாம எந்த மொகத்தோட மனுக்கொடுக்கப் போறது? ஒரே ஒரு நாளு திரும்பி வந்திருங்க. படம் எடுத்துப் பேப்பர்ல போட்டா ஒரு மாசத்துல ஆப்பீஸ் கீழ வந்திரும். தம்பிக்கு லீவு இன்னும் இருக்குல்லா?"

அவர் அந்தப் புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார். "இருக்கு" என்றார். பிறகு, "செரி மக்கா" என்றார்.

மறுநாள் படிக்கட்டின் அடியில் நான், பத்திரிகை நிருபர், அக்கா, தம்பி. தம்பி புதுச்சட்டை போட்டு, பேனாவைப் பையில் குத்தி, வியர்த்து நின்றார். ஆட்டோக்காரர்கள் நான்கு பேர் வழக்கம்போல ஓடி வந்தார்கள். அக்கா வேண்டாம் என்றார். அலுவலகப் பியூன் புத்தகத்தையும் மைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். அக்கா அதற்கும் வேண்டாம் என்றார். இந்தப் படியை ஏற முடியாததால் வேலை நடக்காமல் திரும்புகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். கணக்கு டீச்சரின் கையெழுத்து, ஒரு நடுக்கமும் இல்லை.

"எனக்க மானத்த வாங்குகதுக்குத்தான் கூட்டிட்டு வந்தியா?" என்று தம்பி எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். "ஊரான் பேச்சக் கேட்டு ஆடுகா. இனி அடுத்த லீவுக்குப் பாப்போம்." ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். அக்கா வண்டியைக் கையால் சுற்றிக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போனார். நான் நிருபரோடு டீ குடிக்கப் போனேன்.

படம் வந்தது. மாவட்டம் முழுக்கப் பார்த்தார்கள். தோவாளையிலிருந்தும் அஞ்சுகிராமத்திலிருந்தும் ஆட்கள் போன் செய்தார்கள், சங்கத்தில் நாற்பது பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒரு மாதத்தில் ஆபீஸ் கீழே வரவில்லை. தம்பி லீவு முடியும்வரை அக்காவோடு பேசாமலே விமானம் ஏறிவிட்டார். நான் மனு எழுதுவதில் மும்முரமாக இருந்தேன்.

அலுவலகம் கீழே வர மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று. புதிய கட்டடம், தரைத்தளம், சாய்தளம், கைப்பிடி. திறப்பு விழாவில் நான் மைக்கில் பேசினேன். அதற்குள் ஊனமுற்றோர் என்பது போய் மாற்றுத்திறனாளிகள் வந்திருந்ததால் சங்கத்தின் பெயர்ப்பலகையையும் மாற்றியிருந்தோம். அக்காவைக் காணவில்லை. கொஞ்ச காலமாகவே கூட்டங்களுக்கு வருவதில்லை, உடம்பு சரியில்லை என்று ஆளிடம் சொல்லி அனுப்புவார். நானும் போய்ப் பார்க்கவில்லை. காலை மட்டும் குறை சொல்ல முடியாது, மனசும் போகவில்லை.

விழா முடிந்து லட்டு கொடுக்கும்போது அந்தப் பியூன் என் பக்கத்தில் வந்தார். "அன்னைக்குத் திரும்பிப் போனாங்கல்லா, அந்த டீச்சர்? போன வருசம் வந்திருந்தாங்க சார். பழைய ஆப்பீசுக்கு. நாங்கதான் மேல தூக்கிட்டுப் போனோம். வெயிட்டே இல்ல, ரெண்டு பேரே போதும்."

"என்ன பத்திரம்?" என்று கேட்டேன்.

"விடுதலைப் பத்திரம். பங்கு முழுசும் தம்பிக்கு விட்டுக் கொடுத்துட்டாங்க."

லட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டை வாங்கப் போனபோது நான் தூக்க விடவில்லை. வீட்டை விட்டுக் கொடுக்கப் போனபோது என்னிடம் சொல்லாமலே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். ஓட்டு வீடு இல்லை. வளைகுடாப் பணத்தில் எழும்புகிற எல்லா வீடுகளையும் போல அடித்தளத்தை ஆளுயரத்துக்கு ஏற்றி, கிரானைட் படிகள் வைத்து ஒரு பெரிய வீடு. தம்பி சவுதியை விட்டு வந்துவிட்டார், கல்யாணமும் ஆகியிருந்தது. என்னைக் கண்டதும் முகம் சுளிக்கவில்லை, உள்ளே கூப்பிட்டார். பேங்கில் வீட்டுக்கு லோன் கேட்டபோது இடம் ஒரே பெயரில் இருக்க வேண்டும் என்றார்களாம். "அவளுக்குத் தனி ரூம் வச்சிருக்கேன், பாத்ரூமோட" என்றார். கொஞ்சம் கழித்து, "அன்னைக்குப் பேனாவும் கையுமாட்டு நின்னேன், ஒமக்கு ஓர்மை இருக்கும்" என்றார். அதில் கோபம்கூட இல்லை. இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார். ஞாயிறுதோறும் அக்காவை சர்ச்சுக்குக் கொண்டுபோக அந்தப் படிகளில் தூக்கி இறக்குவதும் ஏற்றுவதும் அவர்தான். வீட்டு வாசல் வரைக்கும் எந்தச் சட்டமும் வராது, மனுக்கொடுக்கவும் இடமில்லை.

அக்கா பின்னறையில் ஜன்னலோரம் இருந்தார். டியூஷன் இல்லை, பிள்ளைகளை இவ்வளவு நல்ல வீட்டுக்குள் விட முடியாதாம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"ஆப்பீஸ் கீழ வந்தாச்சாமே?" என்று அவரே கேட்டார்.

"வந்தாச்சு அக்கா. சரிவு போட்டிருக்கு. ஒங்க வண்டியிலயே நேரா மேச வரைக்கும் போலாம்."

உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "வழுக்காதுல்லா?" என்றார். "வழுக்காது" என்றேன். "நல்ல காரியம் மக்கா. நீ கொஞ்சமாட்டா அலைஞ்ச." பிறகு சேலை முந்தானையை எடுத்து மடியில் சரிசெய்துகொண்டு சொன்னார்: "மத்தவியளுக்கு ஆவும். எனக்கு அங்க கொண்டு போயி எழுதுகதுக்கு இனி ஒண்ணும் இல்ல, கேட்டியா?"

"கேட்டேன் அக்கா" என்று மட்டும் சொன்னேன்.