பெட்டிக்குக் குளிரக்கூடாது

அத்தை ஓர் அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைத்துவிடுவார். உள்ளே நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அணைப்பார். கத்தினால், "கை என்னடி, வழி தவறி காதுக்கா போயிடும்?" என்பார்.

துணிக்கடைக்குச் சட்டைக் காலர் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். குளிரில் விரல் விறைத்தாலும் ஹீட்டரைப் போடமாட்டார். தேநீர் டம்ளரைப் பிடித்துச் சூடேற்றிக்கொண்டு மறுபடி ஊசியை எடுப்பார். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அங்கே நான் உடுத்தியதெல்லாம் அந்த விரல்கள் தைத்தவைதான்.

படிப்பு முடிந்ததும், வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள வசதியில்லாத குடும்பங்களைப் பற்றிய ஆய்வு ஒன்றில் வேலை கிடைத்தது. ஓர் அறக்கட்டளை நிதி தந்தது. குலுக்கலில் வரும் வீடுகளில், வெப்பத்தைப் பதிவு செய்யும் சிறு பெட்டியை ஒரு வாரம் சுவரில் மாட்டுவோம். மிகவும் குளிரும் வீடுகளுக்குக் கூரையையும் சன்னலையும் குளிர் புகாதபடி இலவசமாக அடைத்துக்கொடுத்து, மின்சாரம் எவ்வளவு மிச்சமாகிறது என்று பார்ப்போம். அத்தை வீடும் குலுக்கலில் வந்தது. உறவு என்பதால் நான் ஒதுங்கிக்கொண்டேன். குழுத் தலைவி அக்கா போய் மாட்டினார். மாமாவுக்குக் குளிர்காலம் முழுக்க மூச்சு இழுக்கும். இந்த வருடமாவது தூங்குவார் என்று நினைத்தேன்.

பதிவைப் பார்த்தால், தெருவிலேயே கதகதப்பான வீடு அத்தையுடையது!

ஓடினேன். "எப்படி அத்தை?"

"பக்கத்து வீட்டுப் பூட்டுக்கார அண்ணன்கிட்ட ஹீட்டர் வாங்கி, நம்மளதோட சேர்த்துப் போட்டேன். அந்த அம்மா நம்மள நம்பி ஒரு பெட்டிய விட்டுட்டுப் போறாங்க. நம்ம வீட்டுல அது நடுங்கணுமா?"

"குளிருற வீட்டுக்குத்தான் அத்தை அடைச்சுத் தருவாங்க!"

"அதுக்காக, நாங்க விறைச்சுக் கெடக்கோம்னு செவுத்துல மாட்டி வைக்கணுமா?"

மாமா கட்டிலிலிருந்து, "கரன்ட் பில்லு வரட்டும், அப்ப விறைச்சுடுவா" என்றார்.

அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இன்னும் எத்தனை வீடுகள் எங்களுக்கு இப்படி மரியாதை செய்திருக்கின்றன என்று கேட்டார். இத்தனை நாள் நான் வரைந்த வரைபடங்களை நினைத்தேன். எதை நம்புவது என்று தெரியவில்லை. பெட்டி மாட்டிய வீடுகளையெல்லாம் மறுபடி அளந்தோம். "எப்பவும் போல இருங்கம்மா, உங்க பேர் எங்கயும் வராது" என்று அக்கா வீடு வீடாகச் சொன்னார். அத்தை பெட்டியைப் பார்த்து, "கோவிச்சுக்காத, இந்த வாரம் எங்களோட சேர்ந்து நடுங்கு" என்றாராம்.

கூரை அடைத்தாயிற்று. மாமா குறட்டை விடுகிறார். ஹீட்டரையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆனால் முதலில் அளந்த அந்த வாரம் முழுக்கப் பூட்டுக்காரர் அது இல்லாமல் கிடந்தார். அவர் வீடு குலுக்கலில் வரவே இல்லை. அத்தை வீட்டில் வந்து உட்காரச் சொன்னால், "சூட்டுல தூங்கிடுவேன்மா, வேலை கெட்டுடும்" என்று மழுப்புகிறார்.

"உங்க ஆளுங்க அடுத்த நிதி குடுத்துட்டாங்களா?" நான் போகும்போதெல்லாம் அத்தை கேட்கிறார்.

"இன்னும் இல்ல அத்தை."

"ஒரு வாரக் குளிர் அவருக்கு நான் பாக்கிடி" என்று சொல்லிவிட்டு, நான் உட்கார்ந்திருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார்.