ஈயத்தில் ஒரு கெட்டிமேளம்

ஈப்போவில் இராசையா வீட்டுப் பிள்ளை என்றால் டாக்டராக வேண்டும். முடியாவிட்டால் வக்கீல். அதற்கும் துப்பில்லாவிட்டால் கணக்காளர். ரதீசன் இந்தப் பக்கமெல்லாம் தலைவைத்தும் படுக்காமல் நேரே ராக் டிரம்ஸ் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். வடிகால் இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற இராசையா, ஊர் சாக்கடையையெல்லாம் ஒழுங்காக ஓட வைத்தவர். சொந்த மகன் மட்டும் கரையை உடைத்துக்கொண்டு ஓடியது அவருக்குத் தீராத மனக்குறை.

கோயிலில் யாராவது மகனைப் பற்றி விசாரித்தால் அம்மா தவமணி முந்திக்கொள்வார்.

“சவுண்ட் இன்ஜினியர்லா.”

“கவர்மெண்டா, பிரைவட்டா?”

“பிரைவட்” என்று இராசையா சொல்லும் தொனியில், பையன் ஜெயிலில் இருக்கிறான் போலும் என்று கேட்டவர் நினைத்துக்கொள்வார். டிரம்மர் என்று அவர் வாய் தவறியும் சொன்னதில்லை. தமிழில் சொன்னால் அது மேளக்காரன் என்று ஆகிவிடுமே! கௌரவமான குடும்பத்துக்குக் கல்யாணத்தில் மேளம் வேண்டும். மேளக்காரன் மட்டும் வீட்டுக்குள் கூடாது. ரதீசனுக்கோ அப்பா ஒரே ஒரு ஆளிடமாவது “டிரம்ஸ் வாசிக்கிறவன் என் மகன்தான்” என்று சொல்லிவிட வேண்டும். வேறு விருது எதுவும் அவன் கேட்கவில்லை. யாரும் கொடுக்கவும் இல்லை.

குழுவின் பெயர் ‘ஈயம்’. ஊர் உலகத்துக்கு ஹெவி மெட்டல் என்றால் ஈயச் சுரங்கத்தால் வளர்ந்த ஈப்போக்காரனுக்கு ஈயம்தானே மெட்டல் என்பது கித்தார் வாசிக்கும் ஹாபிஸின் தத்துவம். ஒத்திகை பீடோருக்குப் பக்கத்தில், ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட ஒரு தோட்டத்தில், அந்தக் காலத்தில் ரப்பர் தகடு உலர்த்திய பாழடைந்த புகைக்கூடத்தில் நடக்கும். புகார் கொடுக்க அங்கே மாடுகள் மட்டும்தான் உண்டு. அவையும் முதல் பாட்டிலேயே எழுந்து போய்விடும். உலகச் சுற்றுப்பயணமும் ஒன்று நடந்தது: பீடோரில் கொய்யாப்பழச் சந்தை, லூமுட்டில் கடற்கரை விழா. லூமுட்டில் கூட்டம் கலைந்தது மழையாலா பாட்டாலா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பிழைப்புக்குக் கம்பெனி விருந்துகள் இருந்தன. முதலாளி மேடையேற டிரம்ஸில் ஒரு உருட்டு, குலுக்கலில் மிக்சி விழுந்தவருக்கு ஒரு உருட்டு. தன் கலைவாழ்க்கையில் ரதீசன் அதிகம் வாசித்தது அதைத்தான்.

போன வருடம் தங்கை சுபாஜினிக்குக் கல்யாணம். இரவு விருந்துக்கு அண்ணன் வாசிக்காவிட்டால் தாலிக்குக் கழுத்தை நீட்டமாட்டேன் என்று அவள் அடம்பிடித்தாள். இராசையா இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. காலையில் மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் அந்தச் சட்டிபானை படக்கூடாது. ஆகவே டிரம்ஸ் மண்டபத்து மூலையில் திரைக்குப் பின்னால் கோஷா பெண் போல உட்கார்ந்திருந்தது.

முகூர்த்தம் நெருங்கியது, மேளக்காரர்கள் வரவில்லை. இராசையா போன் போட்டார்.

“சிம்பாங் பூலாய்ல கோபிஸ் லாரி கவுந்துருச்சு அண்ணே. ரோடு பூரா முட்டைக்கோசு. வண்டி நகரமாட்டேங்குதுலா!”

ஐயர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். யாரோ ஒரு புத்திசாலி கைப்பேசியில் கெட்டிமேளம் தேடி ஒலிபெருக்கியில் வைத்தான். மண்டபம் முழுக்க ஷாம்பு விளம்பரம் கேட்டது. மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி, பொடுகுத் தொல்லை தீரும் வழியைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இராசையா திரையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

“தம்பி, போ. அடி.”

ரதீசன் குச்சியை எடுத்துக்கொண்டு ஓடினான். திரையை விலக்கி உட்கார்ந்தான். “கெட்டிமேளம்!” என்று ஐயர் கத்தியதும் இறக்கினான் பாருங்கள், அட்சதை போடக் கையை ஓங்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஐயரின் வாய் அசைந்தது. மந்திரம் சாமிக்கு மட்டும் கேட்டிருக்கும். மூன்றாவது முடிச்சு விழுந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. அப்பா கேட்டுக்கொண்டிருக்கும்போது எப்படி நிறுத்துவது? மணப்பெண்ணே திரும்பி முறைத்த பிறகுதான் குச்சியைக் கீழே வைத்தான். தாலி கட்டியதற்கு ஜனங்கள் கைதட்டியதை ஈப்போ அன்றுதான் பார்த்தது.

பந்திக்குப் போகும் வழியில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஜெயபாலன் இராசையாவை மடக்கினார்.

“அந்த மேளக்காரப் பையன் என்னா அடி அடிக்கிறான்! எங்க புடிச்சீங்க? எங்க வீட்டுக் கல்யாணத்துக்கும் வேணும்.”

குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்த ரதீசன் அப்படியே நின்றான். “சவுண்ட் இன்ஜினியர்” என்று தொடங்கப் போன தவமணியை இராசையா கையமர்த்தினார். அவர் மகனைப் பார்க்கவில்லை, சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

“புடிக்கல” என்றார். “பெத்தது.”