காட்டாமணக்கு எண்ணெயில் ஓடிய எஞ்சின்

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊரில் ஆதிநாதனுக்கு மூன்று ஏக்கர் நிலம். கிணற்றை ஒட்டிய பாதியில் நிலக்கடலை, ஊர்ப் பேச்சில் மல்லாட்டை. மீதிப் பாதி சரளை மேடு. அதில் கொள்ளு விதைத்தால் விதைத்த அளவு திரும்பி வரும். சில வருடம் அதுவும் வராது. கிணற்றுக்கு இலவச மின் இணைப்பு கேட்டு 2003-இல் எழுதிக் கொடுத்திருந்தார். அது வரும்வரை டீசல் எஞ்சின்தான்.

2007-இல் ஒரு கம்பெனி ஆள் ஜீப்பில் காட்டாமணக்கு நாற்றுகளோடு வந்தார். “ஆடுகூட வாய் வைக்காது. தண்ணியும் வேணாம். மூணாம் வருசம் கொட்டைய நாங்களே வந்து எடுத்துக்குவோம். கார் ஓட்ற எண்ணெய்ங்க இது” என்றார். ஊரில் இருபத்தேழு பேர் நட்டார்கள். ஆதிநாதன் சரளை மேடு முழுக்க நட்டார்.

மூன்றாம் வருடம் கொட்டை வந்தது, கம்பெனி வரவில்லை. செஞ்சி பஜாரில் மாடியில் இருந்த அவர்கள் ஆபீஸுக்குப் போய்ப் பார்த்தார். அங்கே ஒரு டெய்லர் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் செடியைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். பக்கத்து நிலத்து ஆனந்தராஜ் டிராக்டர் வைத்து உழுதுவிட்டு, “இன்னா நயினாரே, இன்னும் கார் வரும்னு பாத்துக்குனு இருக்கியா?” என்று கேட்டார்.

ஆதிநாதனுக்கு அப்படி நம்பிக்கை எதுவும் இல்லை. பிடுங்கினால் அங்கே வேறு எதுவும் விளையப்போவதில்லை. உழவுக்கு டீசல்தான் தண்டம். அதனால் விட்டுவைத்தார்.

வீட்டில் ஐந்து மூட்டைக் கொட்டை சேர்ந்தது. அவர் மனைவி ஜ்வாலாமாலினிக்கு அது பிடிக்கவில்லை. தின்றால் வாந்தியெடுக்க வைக்கும் கொட்டை, பக்கத்திலேயே விதைக்கடலை மூட்டை. ஐந்தின் மேலும் கரியால் பெருக்கல் குறி போட்டுவைத்தாள்.

“தெரியாம யாராவது வாயில போட்டுக்கப் போறாங்க. இத வித்துடுங்க, இல்ல கொளுத்திடுங்க” என்றாள்.

விற்க ஆள் இல்லை. கொளுத்துவது என்றதும் அவருக்கு எஞ்சின் நினைவு வந்தது.

அவலூர்பேட்டைச் செக்குக்காரர் மூட்டையை உள்ளேயே விடவில்லை. “இந்த வெசத்த ஆட்டிட்டு, அடுத்து வர்றவனுக்கு நல்லெண்ணெய் ஆட்டித் தரச் சொல்றியா?” என்றார். அதில் நியாயம் இருந்தது. கடைசியில் திண்டிவனம் பக்கம் வேப்பங்கொட்டை மட்டும் ஆட்டுகிற மில் ஒன்றைத் தேடிப் பிடித்தார். இரண்டு பெரிய கேன் நிறைய, மஞ்சளாக, கெட்டியாக எண்ணெய் கிடைத்தது.

எஞ்சின் இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் கரும்புகை கக்கி நின்றுவிட்டது. செஞ்சியிலிருந்து வந்த மெக்கானிக் எழில், எண்ணெய் பீச்சும் நாசிலைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தான். “நயினாரே, இது எஞ்சினா, அடுப்பா? உள்ள பூரா கரி. இந்த எண்ணெய் ஜில்லுனு இருந்தா எரியாது. டீசல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானப்புறம் இதுக்கு மாத்து. நிறுத்துறதுக்கு முன்னாடி மறுபடி டீசலுக்கு வந்துடு” என்றான். பக்கத்தில் இன்னொரு சின்ன டேங்க்கையும் பொருத்திக் கொடுத்தான்.

அப்படிச் செய்தும் பத்தே நாளில் மறுபடி அடைத்துக்கொண்டது. அன்று கிணற்றடிக்குச் சாப்பாடு கொண்டுவந்த மாலினி, கேனை எட்டிப் பார்த்தாள். அடியில் வண்டல் விரல்கடை உயரம் தங்கியிருந்தது.

“இத வடிகட்டலியா?”

“எண்ணெய எதுக்கு வடிகட்டணும்?”

“குடிக்கிற தண்ணியவே துணியில வடிகட்டித்தானே குடிக்கிறோம். அந்த மெஷினுக்கு மட்டும் அப்படியே ஊத்துவீங்களா?” என்றாள்.

அவர்கள் சமணர்கள்; ஊரார் அவரை நயினார் என்று கூப்பிடுவது அதனால்தான். வடிகட்டாத தண்ணீர் அந்த வீட்டில் யார் வாயிலும் பட்டதில்லை. ஆதிநாதன் சாப்பிட்டு முடித்தார். அதன்பின் எண்ணெயைப் பத்து நாள் தெளியவிட்டு, பழைய வேட்டியை நான்காக மடித்து வடிகட்டினார். எஞ்சின் அடைக்கவில்லை.

பதினோரு வருடம் அப்படி ஓடியது. கிணற்றடியில் ஒரு மாதிரி கசப்பு வாடை அடிக்கும், அவ்வளவுதான். ஒருமுறை கல்லூரி மாணவர்கள் வந்து, டீசலே வேண்டாமா என்று கேட்டார்கள். “ஒரு போகம் மல்லாட்டைக்குப் பாதித் தண்ணி இதுல பாயும். மீதிக்கு பங்க்குக்குத்தான் போறேன்” என்றார். அவர்கள் முகம் வாடியதைப் பார்த்தும் அவர் கணக்கைக் கூட்டிச் சொல்லவில்லை.

2021-இல் மின் இணைப்பு வந்தது. லைன்மேன் ஃபியூஸ் போட்டதும் மோட்டார் சின்ன முனகலோடு தண்ணீரைத் தள்ளியது. பதினெட்டு வருடம் காத்திருந்ததற்கு இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்திருக்கலாம் என்று ஆதிநாதனுக்குத் தோன்றியது. மாலினி, “அப்பாடா, காதுக்கு நிம்மதி” என்றாள்.

அடுத்த வாரம் ஆனந்தராஜ் வந்தார். அவருடைய விண்ணப்பம் இன்னும் வரிசையில்தான் இருந்தது. சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் எஞ்சினைக் கேட்டார்.

“எடுத்துக்குனு போ. மேட்டுல கொட்டை காய்ச்சுக் கெடக்குது, அதையும் பறிச்சுக்கோ” என்றார் ஆதிநாதன். வடிகட்டுவதைப் பற்றி மட்டும் இரண்டு முறை சொன்னார். ஆனந்தராஜ் கேலி எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டார்.

இப்போது ஆதிநாதன் மும்முனை மின்சாரம் விடுகிற நேரம் பார்த்துக் கழனிக்குப் போகிறார். கரண்ட் நின்றதும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்.