மேலும் வாசிக்க

அம்மாவுக்குக் கைபேசியில் ஒரு கதை வாசித்துக்கொண்டிருந்தேன். கணவனோடு சண்டையிட்டவள் பேருந்தில் ஏறும் இடத்தில் கதை நின்று, 'மேலும் வாசிக்க' என்றது. தொடப்போன என் விரலை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, பொறு. மிச்சத்த நான் சொல்லுதேன்."

எனக்கு ஆமவடை வாசம் அடித்தது. சிறுவயதில் விக்கிரமசிங்கபுரத்தில், மில் விட்டதும் அப்பா வாங்கிவரும் பொட்டலத்தில் வடை எங்களுக்கு, சுற்றிய வாரப்பத்திரிகைத் தாள் அம்மாவுக்கு. எண்ணெய் ஊறிய தாளில் பின்பக்க எழுத்தும் கலந்து தெரியும். கண்ணைச் சுருக்கி அதிலுள்ள கதையை எங்களுக்கு வாசிப்பாள். தாள் கிழிந்த இடத்தில் நாங்கள் "பெறவு?" என்போம். அங்கேதான் அவள் கதை தொடங்கும். கைகழுவக்கூட எழுந்திருக்க மாட்டோம்.

"பெறவு?" என்றேன் இப்போதும்.

"அடுத்த ஸ்டாப்புலயே எறங்கிருவா. வீட்டுக்குன்னு நெனைக்காத..."

கேட்டுக்கொண்டிருந்தபோதே கைபேசித் திரை அணைந்தது. நான் அதை மறுபடி திறக்கவில்லை.